வாசகர் கேள்வி–பதில்: வாக்குத்தத்த அட்டையும் வீட்டுக்கடனும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன. விசுவாசம் இருக்கிறது, ஆனால் மனம் நிலைகொள்ளவில்லை, ஏன்? அவற்றில் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்கு வாக்குத்தத்த அட்டையாக (புது வருஷத்துக்கென்று ஆளுக்கு ஒரு வசனம் அச்சிட்டுக் கொடுக்கிற அட்டை) எரேமியா 29:11 வந்தது. மார்ச்சில் என் கணவருக்கு வேலை போய்விட்டது. வீட்டுக்கடனில் இரண்டு தவணை நின்றுவிட்டது. வசனம் பொய்த்துப்போனதா, எங்களுக்குத்தான் விசுவாசம் போதவில்லையா?
— வாசகி, நாசரேத்

இரண்டும் இல்லை, சகோதரி. அட்டையில் அச்சாகியிருந்தது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து கத்தரித்து எடுத்த ஒரு வரி. முழுக் கடிதத்தையும் வாசித்தால் உங்கள் கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும்.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அப்படிப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியதுதான் 29-ம் அதிகாரம். அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். கிபியோன் ஊரானாகிய அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் எழும்பி, இரண்டு வருஷத்துக்குள் சிறைப்பட்டவர்களும் ஆலயப் பணிமுட்டுகளும் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தை எடுத்து உடைத்தும் போடுகிறான். ஜனங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அவன் அதைச் சொன்னது ஐந்தாம் மாதத்தில். ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

எரேமியாவின் கடிதத்தில் இருப்பது வேறு கணக்கு. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது (5–7). எழுபது வருஷம் ஆகும் என்கிறது 10-ம் வசனம். அதற்கு அப்புறம்தான் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" வருகிறது. அந்தக் கடிதத்தை முதலில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வசனம் எழுதப்பட்டது. இந்த மார்ச் மாதச் சம்பளத்துக்கு அதில் உத்தரவாதம் இல்லை. தூர தேசத்தில் கிடக்கிறவர்களை நான் மறக்கவில்லை என்பதற்குத்தான் அதில் உத்தரவாதம்.

ரோமர் 8:35-ஐயும் பாருங்கள். கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க முடியாதவை என்று பவுல் போடுகிற பட்டியலில் பசி இருக்கிறது, நிர்வாணம் இருக்கிறது, பட்டயம் இருக்கிறது. அவையெல்லாம் வராது என்று அவர் சொல்லவில்லை. வந்தாலும் பிரிக்காது என்கிறார். நம் மேடைகளில் இந்த வித்தியாசம் அடிக்கடி காணாமல் போய்விடுகிறது.

அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். அதன் பின்பக்கத்தில் நான்கு குறிப்பு எழுதுங்கள்: யார் சொன்னது, யாருக்கு, எந்தச் சூழ்நிலையில், முன்னும் பின்னும் பத்துப் பத்து வசனத்தில் என்ன இருக்கிறது. நிபந்தனை ஏதாவது இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பார்த்த பிறகும் நிற்கிற வசனம் கஷ்டகாலத்திலும் நிற்கும்.

கடன் விஷயம் காத்திருக்காது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் எழுதிவிடும். அதற்குப் பிறகு பேசுவது கடினம். இந்த வாரமே கிளை மேலாளரைப் பாருங்கள். வேலை போனதற்கான கடிதத்தை இணைத்து, காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கும்படி எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது பதிவில் நிற்காது. சபையிலும் சொல்லுங்கள். "ஒரு சகோதரியின் குடும்பத் தேவைக்காக" என்று ஜெபக்குறிப்பு எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "என் கணவருக்கு இன்ன வேலை தெரியும், இத்தனை வருஷ அனுபவம், இரண்டு மாத மளிகைக்கு உதவி வேண்டும்" என்று உங்கள் ஆயரிடமோ பெண்கள் ஐக்கியச் செயலரிடமோ நேராகச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கன்வென்ஷன் கூட்டத்திலும், மனந்திரும்புகிறவர்கள் வாருங்கள் என்று அழைப்புக் கொடுக்கும்போது முன்னால் போய் முழங்கால் படியிடுகிறேன். நான்கு முறை ஆகிவிட்டது. இரண்டு வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு பழைய பயம் வந்துவிடுகிறது. நான் இரட்சிக்கப்பட்டேனா என்று எப்படி நிச்சயமாகத் தெரியும்?
— வாசகர், மதுரை

முன்னால் போனதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எதைத் தேடிப் போனீர்கள் என்று யோசியுங்கள். ஆண்டவரையா, அந்த இரண்டு வார உணர்வையா?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பாருங்கள். 1728-ல் குருவாக அபிஷேகம் பெற்றவர். அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் புறப்பட்டார். 1736 ஜனவரி 25 அன்று நடுக்கடலில் புயல். ஆங்கிலேயர்கள் அலறினார்கள், கப்பலிலிருந்த மொரேவிய சபை (ஜெர்மானிய சீர்திருத்தச் சபை ஒன்று) விசுவாசிகள் சங்கீதம் பாடுவதை நிறுத்தவில்லை. அவர்களிடம் இருப்பது தன்னிடம் இல்லை என்று வெஸ்லிக்கு அன்று புரிந்தது. 1738 மே 24 இரவு ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்கு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது அவருடைய உள்ளம் அனலடைந்தது. இதுவரை எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள். ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரி 4-ந்தேதிக் குறிப்பில், தான் கிறிஸ்தவனே அல்ல என்று அதே வெஸ்லி எழுதிவைத்ததை மட்டும் சொல்வதில்லை. அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்து 1791-ல்தான் இறந்தார். வெஸ்லிக்கே அனல் ஏறி இறங்கியிருக்கிறது.

எபிரெயர் 6:19 நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்கிறது. நங்கூரத்தைப் படகுக்குள்ளேயே போட்டுக்கொண்டு யாரும் கடலில் நிற்பதில்லை. அது கண்ணுக்குத் தெரியாத தரையில் போய்ப் பிடிக்க வேண்டும். அந்த வசனமும் அது "திரைக்குள்ளாக", அதாவது கிறிஸ்து பிரவேசித்த இடத்தில், பிடித்திருப்பதாகத்தான் சொல்கிறது. நீங்கள் நங்கூரத்தை உங்கள் மனசுக்குள் தேடுகிறீர்கள். படகு ஆடும், பிடிப்பு இருந்தால் அடித்துக்கொண்டு போகாது. யோவான் 10:28, 29-லும் பிடித்திருக்கிற கை ஆட்டுக்குட்டியுடையது அல்ல, மேய்ப்பருடையதும் பிதாவுடையதும்.

இனி செய்யவேண்டியது. 1 யோவான் நிருபம் ஐந்தே அதிகாரம். இருபது நிமிஷத்தில் வாசித்துவிடலாம். அது எழுதப்பட்ட காரணமே, நித்தியஜீவன் உண்டென்று "நீங்கள் அறியும்படிக்கு" (5:13). ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, தேவன் செய்ததாக அதில் வருவதை இடப்பக்கமும், விசுவாசியிடம் காணப்படுவதாக வருவதை வலப்பக்கமும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் மூன்று காரியம் திரும்பத் திரும்ப வரும்: குமாரனை விசுவாசிப்பது, சகோதரரிடத்தில் அன்பு, கற்பனைகளைக் கைக்கொள்ளுவது. கூடவே, பாவம் இல்லை என்று சொல்லாமல் அறிக்கையிடுவதும் (1:8, 9). இதற்கு மதிப்பெண் போட உட்காராதீர்கள். உயிர் இருக்கிறதா என்று நாடி பார்க்கிற மாதிரிதான் இது.

எங்கே தடுமாறும் என்றும் சொல்லிவிடுகிறோம். திருப்பிக் கொடுக்காத கடன், தம்பியின் பங்கைச் சேர்த்து எழுதிக்கொண்ட பத்திரம், இப்படி ஒன்று உள்ளே கிடந்தால், ஜெபத்தை எத்தனை முறை திருப்பிச் சொன்னாலும் உறுத்தல் போகாது. அதைச் சரிசெய்ய வேண்டும்; வரிவசூல் செய்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். மாறாக, மன்னிக்கப்பட்ட ஒரே பாவத்தை ஒரு நாளைக்கு இருபது முறை அறிக்கையிட்டும் திருப்தி வரவில்லை, ஒரு வார்த்தை பிசகினால் ஜெபத்தை முதலிலிருந்து தொடங்குகிறீர்கள் என்றால், அது எண்ணச்சுழல் நோயாக (OCD) இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஐந்தாவது கன்வென்ஷன் அதற்கு மருந்து அல்ல.

இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதில் சபைகளுக்குள் பழைய விவாதம் இருக்கிறது. முடியாது என்கிற ஒரு சாரார் யோவான் 10-ஐயும், முடியும் என்கிற மற்றவர் எபிரெயர் 6-ன் முற்பகுதியில் மறுதலித்துப்போனவர்களைப் பற்றி வருகிற எச்சரிக்கையையும் முன்வைப்பார்கள். அதைத் தீர்த்த பிறகுதான் நிம்மதி என்று காத்திருக்காதீர்கள். கிறிஸ்துவிடம் வரவேண்டுமே என்று தவிக்கிறவரை எந்தச் சாராரும் வெளியே தள்ளுவதில்லை. அடுத்த முறை திருவிருந்துக்குப் போகும்போது, அப்பத்தைக் கொடுக்கையில் சொல்கிற "உங்களுக்காக" என்ற வார்த்தையைக் கவனித்துக் கேளுங்கள். நான்கு முறை மேடைக்கு முன்னால் தேடியது அங்கே கையிலேயே கொடுக்கப்படுகிறது.

இன்சூரன்ஸ் எடுப்பதும் வங்கியில் பணம் போட்டு வைப்பதும் அவிசுவாசம் என்று எங்கள் ஐக்கியத்தில் போதிக்கிறார்கள். சரியா?
— வாசகர், ஓசூர்

சரியில்லை. யோசேப்பு ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான். நீதிமொழிகள் 6 எறும்பினிடத்தில் போகச் சொல்கிறது. வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. லூக்கா 12-ல் வருகிற ஐசுவரியவான் மதிகேடன் எனப்பட்டது களஞ்சியம் கட்டியதற்காக அல்ல. களஞ்சியத்தைப் பார்த்துத் தன் ஆத்துமாவிடம் "இளைப்பாறு" என்று சொன்னதற்காக. நெல் களஞ்சியத்தில் இருக்கலாம், இளைப்பாறுதல் அங்கே இருக்கக் கூடாது.

குடும்பத்துக்கு ஆண்டு வருமானத்தைப் போல் பத்து மடங்குக்கு டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருகிற ஆயுள் காப்பீடு) ஒன்றும், மருத்துவக் காப்பீடு ஒன்றும் போதும். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் இன்னும் அம்மா பெயரே இருக்கும். இருக்கிற சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள். பணம் கேட்கும்போது நிராகரிக்கப்படுவதற்கு அது முக்கியமான காரணம், அதோடு அது பொய்யும்கூட. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு உண்டு.

இன்சூரன்சை அவிசுவாசம் என்கிற அதே கூட்டங்களில், மாதம் பத்து சதவீதம் தருகிறேன் என்று ஒரு விசுவாசி பணம் பிரித்தால் அதை ஆசீர்வாதம் என்கிறார்கள். "நம்ம சபைக்காரர்தானே" என்ற நம்பிக்கைதான் அங்கே முதலீடு. சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளரிடம் பதிவான எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுருங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பத்து வருஷத்தில் சம்பளம் நாலு மடங்காகிவிட்டது. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) தவறாமல் கொடுக்கிறேன், ஆராதனைக்குப் போகிறேன். ஆனாலும் உள்ளே ஒன்றும் நிறையவில்லை. என்ன குறைகிறது?
— வாசகி, சென்னை

எரேமியா 2:13-ல் ஒரு படம் இருக்கிறது. யூதேயா மலைநாட்டில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து தொட்டி வெட்டி, உட்சுவரில் சாந்து பூசி மழைத் தண்ணீரைச் சேர்ப்பார்கள். சாந்தில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தால் போதும், கோடை வருவதற்குள் அடியில் சேறுதான் மிஞ்சும். பக்கத்திலேயே ஊற்று ஓடும்போது அதை விட்டுவிட்டு வெடித்த தொட்டியை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் தேவன் சொல்கிற குறை. உங்கள் சம்பளம் நாலு மடங்காகப் பெருகியதால் தொட்டிதான் பெரிதாயிருக்கிறது.

பவுல் "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதுவது காவலில் கட்டப்பட்டிருந்தபோது (பிலிப்பியர் 4:11). கற்றுக்கொண்டேன் என்கிறார், அப்படியென்றால் மனமாறிய அன்றே அது வந்துவிடவில்லை. மனரம்மியம், அதாவது போதும் என்ற மனநிறைவு, என்பதற்கு அவர் போட்ட கிரேக்கச் சொல் 'அவுட்டார்க்கேஸ்'. எவர் தயவும் தேவையில்லாமல் தன்னிலேயே நிறைந்தவன் என்று ஸ்தோயிக்கர்கள் (ஒரு கிரேக்கத் தத்துவப் பிரிவினர்) பெருமையாகச் சொல்லிக்கொண்ட சொல் அது. பவுல் அதை எடுத்து, இரண்டு வசனம் தள்ளி, என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே என்று திருப்பிவிடுகிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் அனுப்பிய காணிக்கைக்கு அதே அதிகாரத்தில் நன்றியும் சொல்கிறார். கிறிஸ்துவில் நிறைந்தவருக்கு அடுத்தவர் கொடுப்பதைச் சந்தோஷமாக வாங்கவும் தெரிகிறது.

எப்படிக் கற்பது? யாத்திராகமம் 16-ல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த மன்னா என்ற அப்பத்துக்கு இருந்த ஒழுங்கைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய இரண்டு லிட்டர். நாளைக்கு என்று எடுத்து வைத்தது பூச்சிபிடித்து நாறியது. ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பு, ஏழாம் நாள் ஓய்வு. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. இதை உங்கள் வாரத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள்.

காலையில் கைப்பேசியைத் தொடுமுன் ஒரு சங்கீதம் வாயால் வாசியுங்கள். பத்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வாசித்து வாரம் முழுக்க ஓட்டலாம் என்றால் அது மீதம் வைத்த மன்னா. இரவில் அன்றைக்குக் கிடைத்த மூன்று காரியத்துக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். "குடும்பம், சுகம், வேலை" என்று தினமும் ஒரே மூன்றைச் சொன்னால் நாலாம் நாளே உதடு மட்டும் அசையும். "மழைக்கு முன்னால் துணி எடுத்துப்போட்ட பக்கத்து வீட்டம்மா" என்கிற மாதிரி சொல்லுங்கள். வாரத்தில் ஒரு வேளை உபவாசம், ஒரு நாள் மடிக்கணினியைத் திறக்காத ஓய்வு. அந்த ஓய்வுநாளில் முதல் மூன்று வாரம் எரிச்சல்தான் வரும். நாம் எதில் சாய்ந்திருந்தோம் என்று அப்போதுதான் தெரியும்.

காணிக்கையில் ஒரு எச்சரிக்கை. நூறத்தனையாகத் திரும்பி வரும் என்ற கணக்கில் கொடுப்பது முதலீடு; அது வராதபோது ஆண்டவர்மேல் வருத்தம் வரும். மன்னாவின் அந்த வசனத்தைப் பவுல் 2 கொரிந்தியர் 8:15-ல் எடுப்பது, எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் சேர்க்கும் இடத்தில். போதும் என்ற நிலைக்கு வர உங்களுக்குத் தசமபாகம் போதாமல் இருக்கலாம், சகோதரி. தசமபாகம் ரசீதோடு முடிந்துவிடுகிறது. ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை நீங்களே ஏற்று, அந்தப் பிள்ளையோடு மாதம் ஒரு முறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

மனச்சோர்வுக்கு எட்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று ஜெபக்குழுத் தலைவர் சொல்கிறார்.
— வாசகர், தூத்துக்குடி

நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம். விட்டுப்போன சோர்வு திரும்பவும் வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான் (1 இராஜாக்கள் 19). கேள்வி கேட்டதெல்லாம் நாற்பது நாள் கழித்து, ஓரேபில். கீர்த்தனை எழுதிய ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1773-ல் மனநோய் முற்றியபின், தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணத்தோடே 1800-ல் இறந்தார். அவர் எழுதிய பாட்டுகளை இன்றும் சபைகள் பாடுகின்றன. அவருடைய நிச்சயம் அவர் மனசின் கையில் இருந்ததாக நாங்கள் நம்பவில்லை. சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் உடனே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழுத் தலைவரிடம் ஜெபத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஆறு வருஷமாகச் சம்பள உயர்வு இல்லை. கேட்டால் "போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தி" என்று வசனம் சொல்கிறார்கள். கேட்பது பாவமா?
— வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பாவமில்லை, அம்மா. அந்த வசனம் ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. சம்பளம் கொடுக்கிறவர் வாங்குகிறவரிடம் சொல்வதற்கு அல்ல. அதற்கு முந்தின வசனம் (1 தீமோத்தேயு 6:5) தேவபக்தியை ஆதாய வழியாக எண்ணுகிறவர்களைப் பற்றியது. நிர்வாகக் கூட்டத்தில் அதைச் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் சம்பளம் போதுமென்று இருங்கள் என்று யோவான் ஸ்நானகன் சொன்னது, ஏழைகளை மிரட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்த போர்ச்சேவகரிடம். கூலியைப் பிடித்துவைத்தவர்களிடம் பேசுகிற வசனம் யாக்கோபு 5:4. அடிமையாக இருந்தவனுக்கும்கூட, விடுதலைக்கு வழி கிடைத்தால் அதை விடாதே என்றுதான் பவுல் எழுதினார்.

தனியாகப் போகாமல் நாலைந்து ஆசிரியர்களாகச் சேர்ந்து கையெழுத்திட்டு மனு கொடுங்கள். நியமன ஆணை, ஆறு வருஷச் சம்பளப் பட்டியல், வருங்கால வைப்புநிதி பிடித்தம் கட்டப்பட்டிருக்கிறதா என்ற விவரம், மூன்றையும் நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு பிறகு கொடுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். வகுப்பறையில் மட்டும் குறை வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு இந்த வழக்கில் பங்கில்லை.